வட்டல் மிச்சம்

“மஞ்சளா? அதெப்படீங்க மஞ்சள் வரும்?”

நஞ்சுண்டன் மேஸ்திரி டாக்டரின் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். பீளமேட்டு மில்லில் நூறு பேரை ஒரே அதட்டலில் அடக்குகிற மனிதர். இங்கே, பரீட்சையில் கோட்டை விட்டவர் போல நின்றார்.

டாக்டர் லட்சுமிநாராயணன் கம்பவுண்டர் எழுதிய சீட்டைத் திருப்பிக் காட்டினார். “அதை நான்தான் உங்களைக் கேக்கணும், மேஸ்திரி. போன மாசம் லேசாப் பச்சை. ஒரு மாசப் பத்தியத்துக்கு அது நீலமாயிருக்கணும். மஞ்சளுக்கு ஏறியிருக்குது. என்ன தின்னீங்க?”

“கம்பு.”

“அப்புறம்?”

“சாமை.”

“அப்புறம்?”

“ராகிக்களிங்க. அதுக்கும் மேலே ஒரு மனுசன் என்னத்தைத் திங்கறது? இனிப் புல்லுத்தான் பாக்கி.”

டாக்டர் சிரிக்கவில்லை. பொய் சொல்கிற நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வற்றிப்போயிருந்தது. ஆனால் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையின் கஷ்டமே.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அப்போது சர்க்கரை வியாதிக்கு வர்ணம்தான் சாட்சி. கம்பவுண்டர் காளிச்சாமி ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, நோயாளியின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலம் நீலமாகவே நின்றால் பிழைத்தீர்கள். பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்துவிட்டால் ஆபத்து.

மாசி மாதம் காலில் ஒரு கட்டி வந்து ஆற மறுத்தபோதுதான் மேஸ்திரி முதன்முதலாக இங்கே வந்தார். அன்றைக்குக் கையில் பாட்டிலைக் கொடுத்துக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் நின்றார். கதவுக்கு வெளியே கம்பவுண்டர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும் உள்ளே இருந்ததும் நின்றுபோயிற்று. கடைசியில் காளிச்சாமி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் காரியம் நடந்தது.

“டாக்டரே, ஆள் நின்னா எனக்கு வராதுங்க. இனிமே ஊட்டுல இருந்தே அனுப்பிப்போடறேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அப்படி ஏற்பட்டதுதான் அந்த ஏற்பாடு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை விடிவதற்குள், முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், ஒரு பழைய நீலகிரித் தைல பாட்டிலை ரொப்பி, மூடி, குளியலறைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார். பாத்திரம் தேய்க்க வரும் முத்தாத்தாள் அதைப் பைக்குள் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பாள். பொழுதோடு மேஸ்திரி வந்து வர்ணத்தைத் தெரிந்துகொண்டு போவார்.

“கம்பு மேல எனக்கு நம்பிக்கை போச்சுங்க” என்றார் இப்போது.

“நம்பிக்கை போக வேண்டாம். மறுபடியும் சொல்றேன், கேளுங்க. நெல்லஞ்சோறு வயித்துக்குள்ளே போனா ஓட்டமா ஓடி ரத்தத்துல சர்க்கரையாச் சேர்ந்துரும். கம்பு, சாமையில எல்லாம் தவிடும் நாரும் இருக்குது. அது மெல்ல நடந்துதான் போகும். உங்க உடம்புக்கு ஓட்டம் ஆகாது, நடைதான் ஆகும். காப்பியில என்ன போடறீங்க?”

மேஸ்திரி தலையைக் குனிந்தார். “வெல்லம்.”

“அதான். இனி அதுவும் இல்லை.”

திருடன் அகப்பட்ட நிம்மதி டாக்டருக்கு. திருட்டுப் பொருள் ஒரு துண்டு வெல்லம்தானே என்ற வருத்தம் மேஸ்திரிக்கு.

*

வீட்டில் தெய்வாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மேஸ்திரியின் மனைவி. அந்தியூருக்குப் பக்கத்து மேட்டுக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்களுக்கு ஒரே மகள். அவளையும் அந்தியூர்ப் பக்கமே கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

“என்ன கலருங்க?”

“மஞ்சள்.”

அவள் முகம் வெளுத்தது. “மஞ்சளா? அப்படீன்னா உங்களுக்கு இன்னும்...” என்று என்னவோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னும் என்ன இன்னும்? வெல்லமும் போச்சு. சோத்தைப் போடு.”

சோறு என்றால் கம்பஞ்சோறு. அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாசி மாதம் டாக்டர் கம்பு என்று சொன்னபோது மேஸ்திரிக்கு மானமே போயிற்று. மில்லில் சேர்ந்து நாலு காசு பார்த்தவன் வீட்டில் நெல்லஞ்சோறு பொங்க வேண்டும், அதுதான் அந்தஸ்து. பெண் பார்க்கப் போனபோதே, “எங்கூட்டுல நித்தம் நெல்லஞ்சோறு” என்று மாமனாரிடம் மார்தட்டிவிட்டுத்தான் தெய்வாத்தாளைக் கட்டி வந்தார். இனி யாருக்கும் தெரியாமல் கம்பு வாங்க எந்தச் சந்துக்குள் நுழைவது என்று அன்றைக்கு அவர் கவலைப்பட்டபோது, தெய்வாத்தாள் உள்ளே போய் ஒரு மண்சட்டியை எடுத்து வந்து வைத்தாள். நிறைய கம்பஞ்சோறு.

“இது ஏது?”

“நானு திங்கறதுங்க.”

“எத்தனை நாளா?”

“வந்த நாளா.” அவள் இதில் என்ன ஆச்சரியம் என்பது போலப் பார்த்தாள். “நீங்க வேலைக்குப் போற மனுசன். உங்களுக்கு அரிசி பொங்கிப்போட்டு எனக்குக் கம்பு இடிச்சுக்குவேன். எங்கப்பன் ஊட்டுல தின்னு பழகின வாயிதானுங்களே.”

இருபத்தாறு வருஷம். ஒரே அடுப்பு, இரண்டு சோறு. தன் சாப்பாட்டு வட்டலில் விழுந்ததைப் பார்த்தாரே தவிர அவர் அடுப்பை எட்டிப் பார்த்ததில்லை. மார்தட்டின பேச்சு அன்றைக்குத்தான் திரும்பி வந்து அவர் மார்பிலேயே அடித்தது. மேஸ்திரி வெளியே போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. பஞ்சுத் தூசி என்றார்.

“இன்னைக்கே மாத்திப்போடறோம். கம்பு எனக்கு, நெல்லஞ்சோறு உனக்கு.”

“எனக்கு எதுக்குங்க அரிசி?”

“நான் சொன்ன வாக்கு, நான்தான் காப்பாத்தணும். தின்னு.”

அந்த வட்டலில் மட்டும் மாற்றம் இல்லை. புருஷன் தின்ற வட்டலில் பெண்சாதி தின்பது அவர்கள் வீட்டு வழக்கம். மேஸ்திரி கம்பை முடித்துக் கையைக் கழுவினதும், அதே வட்டலில், ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தோடு தெய்வாத்தாள் அரிசிச் சோற்றைப் போட்டுக்கொள்வாள்.

“எனக்குச் சீக்கு வந்திருக்குது, நீ வேற வட்டல் எடுத்துக்க” என்றும் சொல்லிப் பார்த்தார்.

“இருபத்தாறு வருசமா ஒரே வட்டல். சீக்கு வந்ததும் தனி வட்டலா? உங்க சீக்குல பாதி எனக்கு வரட்டுமே, உங்களுக்குக் கொறையுமில்ல?”

“சீக்கு என்ன பூமியா புள்ளே, பாகம் பிரிச்சுக்கறதுக்கு?” என்று சிரித்துவிட்டார்.

*

சித்திரை வெள்ளிக்கிழமை வர்ணம் ஆரஞ்சு.

மேஸ்திரி ஆடிப்போனார். வெல்லம் நின்று ஒரு மாதம். சுவரில் பூசின சுண்ணாம்பு மாதிரி இருந்தது அந்தக் காப்பி. அதற்கும் பலன் இல்லை.

“டாக்டரே, ஒண்ணு கேக்கலாமுங்களா? கனவுல தின்னா ஏறுமுங்களா?”

“என்ன தின்னீங்க?”

“ஜிலேபி. மூணு ராத்திரி. ஒரு ராத்திரி நாலு தின்னேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கனவுக்குப் பத்தியம் இல்லை என்று சொல்லி, வாழைப்பழத்தையும் இட்லியையும் நிறுத்தினார்.

மேஸ்திரிக்குச் சந்தேகம் மாவு மில்லின் மேல் திரும்பியது. ராகி அரைக்கிற கல்லில் முன்னால் யாரோ அரிசி அரைத்திருக்க வேண்டும். அந்த அரிசி மாவுதான் தன் உடம்பில் சேருகிறது என்று கண்டுபிடித்து, மாவு மில்காரனோடு தெருவில் நின்று சண்டை போட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாவு மில்காரன், “உங்களுக்கு அரைக்கவே மாட்டேன், போங்க” என்றுவிட்டான். அன்றிலிருந்து தெய்வாத்தாள் திருகைக் கல்லில் உட்கார வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மேஸ்திரிக்கு மறுக்கப்பட்டதெல்லாம் தெய்வாத்தாளின் வட்டலுக்குப் போயிற்று. வெல்லக் காப்பி அவளுக்கு. வாழைப்பழம் அவளுக்கு. மதுக்கரை சிமெண்டு பேக்டரியில் வேலை செய்கிற மைத்துனன் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான், அதுவும் அவளுக்கு. வந்த பொருள் வீணாகக் கூடாது அல்லவா?

அவள் தின்னும்போது மேஸ்திரி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க.”

“நல்லான்னா? வெவரமாச் சொல்லு. நாரு இருக்குதா? தித்திப்பு நாக்குல நிக்குதா, தொண்டையில நிக்குதா?”

“தொண்டையில நிக்குதுங்க.”

“அது சேலத்துக் காயி. இன்னொண்ணு அறு.”

“எனக்கு வயிறு தெம்முனு இருக்குதுங்க.”

“எனக்காக ஒண்ணு, அம்மணி.”

அவருக்காக என்றால் அவள் எதைத்தான் மறுத்தாள்? தின்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எச்சிலை விழுங்குவார். இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவரும் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது அந்த மாதங்களில்தான்.

வைகாசி வெள்ளிக்கிழமை வர்ணம் செங்கல்.

“எந்தச் செங்கல்?” என்று கேட்டார் மேஸ்திரி, ஏதோ நம்பிக்கையோடு. “பச்சைச் செங்கல்லா, சூளையில வெந்ததா?”

“வெந்ததுங்க” என்றார் கம்பவுண்டர் காளிச்சாமி, இரக்கத்தோடு.

*

இனி உயிருக்கே மோசம் என்று தெரிந்ததும் மேஸ்திரி மனிதனே மாறிவிட்டார். ஷிப்டு முடிந்து ஆகாய விமான நிலையம் வரை கையை வீசி நடந்தார். வழியில் பார்த்தவர்கள், “யாரைப் புடிக்கறதுக்குங்க இத்தனை வேகம்?” என்று கேட்டார்கள். கம்பு அரை வயிறு, மோர் அரை வயிறு. இடுப்புப் பெல்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டார். காலில் இருந்த கட்டி ஆறின தழும்புகூடத் தெரியவில்லை. மில்லில் ஏணி மேல் இளவட்டம் மாதிரி ஏறினார்.

டாக்டரே குழம்பிப்போனார். “ஆளைப் பார்த்தா குதிரை மாதிரி இருக்கீங்க. சீட்டைப் பார்த்தா படுக்கையில இருக்கணும்.”

“உள்ளுக்குள்ளே அரிக்குதுங்க போல.”

“ஒருநாள் காலையில நேரா இங்கேயே வந்து கொடுங்களேன்.”

“டாக்டரே, அந்தக் குழாய்ச் சத்தம் மட்டும் வேண்டாமுங்க” என்று மேஸ்திரி கெஞ்சினார். டாக்டரும் விட்டுவிட்டார்.

குதிரை மாதிரி இல்லாதவள் தெய்வாத்தாள்தான். ஆனி பிறப்பதற்குள் அவள் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து கொல்லைக்குப் போனாள். குடத்துத் தண்ணீர் காலையில் ரொப்பினது மத்தியானம் இல்லை.

“ஊட்டுக்குள்ளே யானை கீனை கட்டியிருக்கறயா?” என்று கேலி செய்தார் மேஸ்திரி.

“வெயிலு நொம்பங்க” என்றாள் அவள்.

சோற்றில் கல் அகப்பட்டது. பார்வை மங்கலாக இருக்கிறது, அரிசியில் கல்லும் ஒன்றுதான் நெல்லும் ஒன்றுதான் என்றாள். வேலிப்பக்கம் போனபோது பாதத்தில் முள் குத்தின இடம் மூன்று வாரமாக ஆறவில்லை. மேஸ்திரி வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டார்.

அவளுக்கு என்ன வந்திருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என்னை நினைத்துக் கவலைப்பட்டே இளைத்துவிட்டாள். செங்கல் என்று கேட்ட நாளிலிருந்து அவள் அவளாக இல்லை.

“டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போய்ட்டு வரலாம், வா.”

“எனக்கென்னங்க? கல்லாட்டம் இருக்கறேன். சீக்கு உங்களுக்கு. உங்களைப் பார்த்தாப் போதும்.”

அவள் வரமாட்டேன் என்றதும் மேஸ்திரி தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மில் பக்கத்துக் கடையில் குளுக்கோஸ் டப்பா ஒன்று வாங்கிவந்தார். தெம்பு வருமாம், கடைக்காரர் சொன்னார். காலையில் இரண்டு கரண்டி, பொழுதோடு இரண்டு கரண்டி, தன் கையாலேயே கரைத்துக் கொடுத்தார். குடித்து முடித்தும் அவளுக்குத் தாகம் நிற்கவில்லை. அதனால் இன்னொரு டம்ளர் கொடுத்தார்.

ஆனி வெள்ளிக்கிழமை வர்ணத்துக்குப் பேரே கிடைக்கவில்லை. காளிச்சாமி சீட்டில் ‘செங்கல்’ என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

“அடுத்த மாசமும் இதே கதைன்னா ஊசிதான், மேஸ்திரி” என்றார் டாக்டர். “இன்சுலின். தினமும் போட்டாகணும்.”

மேஸ்திரிக்குப் பாம்பு, பேய், மில் முதலாளி யாரிடமும் பயம் கிடையாது. ஊசி என்றால் மட்டும் கால் துணியாகிவிடும். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

“என்னங்க சொன்னாரு?”

“ஊசியாம். தெனத்துக்கும். எங்க பங்காளி ஒருத்தர் ஊசி போட்டுக்கிட்டாரு, மூணாம் நாள் தூக்கிப்போட்டாங்க. அவரு மாட்டுல முட்டுப்பட்டுத்தான் செத்தாரு, இருந்தாலும் ஊசியும் போட்டிருந்தாங்களே? என்ற ஆயுசு ஆடியோட முடிஞ்சுது போ.”

இதில் பாதி வேடிக்கை, பாதி பயம். தெய்வாத்தாளுக்கு எந்தப் பாதியும் வேடிக்கையாகப் படவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“ஊசி போட விடமாட்டேனுங்க. நான் இருக்கறேன் இல்ல?”

“நீ இருந்து? டாக்டர் கையைப் புடிச்சுக்குவியா?”

அடுக்களையில் முத்தாத்தாள் பாத்திரத்தை மெல்ல வைத்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

*

ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் தெய்வாத்தாளுக்குக் காய்ச்சல் வந்தது. பாதம் கறுத்து வீங்கியிருந்தது. மறுநாள் பேச்சு குழறியது. மேஸ்திரி ஷிப்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு, குளுக்கோஸ் தண்ணீரைக் கரண்டியால் வாயில் விட்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“எங்கே போறே?”

“பாட்டிலு... இன்னைக்கு வெள்ளி...”

“பாட்டில் கெடக்குது போ. நான் பார்த்துக்கறேன்.”

“வேண்டாமுங்க. நீங்க அனுப்ப வேண்டாமுங்க. நான்... நான் அனுப்பறேன்.”

“சரி, நீயே அனுப்புவியாம். இப்பப் படு, கண்ணு.”

கண்ணு என்று அவர் அவளை அதற்கு முன் கூப்பிட்டதே இல்லை. அவள் காதில் அது விழுந்ததோ என்னவோ. குதிரை வண்டி பிடித்துவர முத்தாத்தாள் ஓடினாள். வண்டி வாசலுக்கு வந்தபோது ஏற்ற ஆள் இல்லை.

கால் புண்ணில் விஷம் ஏறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். புருஷனைப் பற்றின கவலையில் உருகிப் போய்விட்டாள் என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டாவதைத்தான் மேஸ்திரி நம்பினார். கருமாதிக்கு மகள் அரிசிச் சோறும் வடையும் பாயசமும் வைத்துக் கும்பிட்டாள். மேஸ்திரி அதைத் தொடவில்லை. உறியில் ஒரு மண்சட்டி நிறைய தெய்வாத்தாள் இடித்துப் புடைத்து வைத்திருந்த கம்பு இருந்தது. அது தீரும் வரைக்கும் வேறு எதுவும் தின்பதில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டார். தினமும் ஒரு கைப்பிடி எடுத்துத் தானே பொங்கினார். வட்டலில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் போகவில்லை. அந்த மிச்சத்தைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருப்பார்.

*

ஆவணி முதல் வெள்ளியன்று மேஸ்திரி பாட்டிலைத் தானே ரொப்பி, தானே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடுவதானால் போடட்டும். இனி யாருக்காக இந்த உடம்பைப் பார்ப்பது?

காளிச்சாமி குழாயை விளக்கில் பிடித்தார். கொதித்தது. மறுபடியும் பிடித்தார். பிறகு குழாயோடு டாக்டர் அறைக்குள் போனார்.

குழாயில் மருந்து ஊற்றினது ஊற்றினபடியே, மயில் கழுத்து மாதிரி இருந்தது. நீலம்.

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “மேஸ்திரி! ஒரு பொட்டுச் சர்க்கரை இல்லை! என்ன தின்னீங்க?”

“அவ இடிச்சு வெச்ச கம்பு.”

“பார்த்தீங்களா! நான் சொன்னேன் இல்லே? கம்புதான் உங்களைக் காப்பாத்தியிருக்குது. கொஞ்சம் தாமதமா வேலை செஞ்சிருக்குது, அவ்வளவுதான். ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இதையே தின்னுட்டு நூறு வயசு இருங்க.”

நூறு வயது என்றதும் மேஸ்திரி அழுதுவிட்டார். நூறு பேரை அதட்டுகிற மனிதர், கம்பவுண்டர் பார்க்கிறாரே என்ற நினைப்புகூட இல்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவருக்குத் தோன்றினது ஒன்றே ஒன்றுதான். சீக்கில் பாதி எனக்கு வரட்டும் என்றாளே, பாதியில் நிற்காமல் முழுசையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது முத்தாத்தாள் கொல்லையில் அந்த வட்டலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார்.

“என்ன கலருங்க, ஐயா?”

“நீலம்.”

தேய்த்த கை நின்றது. “நீலமுங்களா?”

“ஆமா. என்ற சீக்கை உங்க அக்கா கையோட கொண்டுட்டுப் போய்ட்டா, முத்தாத்தா.”

முத்தாத்தாள் வட்டலைக் கீழே வைத்தாள். “ஏனுங்க ஐயா, இன்னைக்குப் பாட்டில்ல இருந்தது உங்களுதுதானுங்களா?”

“பின்னே ஊரானுதா? மாசாமாசம் நான்தானே ரொப்பிச் செவுத்து மேல வெக்கறேன்?”

“வெப்பீங்க.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அக்கா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்ற தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாங்க. இனி அவங்களே இல்லீங்க... பங்குனி மாசம் உங்க பாட்டிலை அக்கா கை தவறிக் கொட்டிப்போட்டாங்க. நீங்க வைவீங்கன்னு பயந்துட்டு அவங்களுதை ரொப்பிக் குடுத்தாங்க. அதுதானுங்க மஞ்சள் வந்தது.”

மேஸ்திரி கல்லை விட்டு எழுந்தார். “அது ஒரு மாசம். அதுக்கப்புறம்?”

“‘அவரு வட்டல் மிச்சத்தைத் திங்கற எனக்கே இத்தனை சக்கரைன்னா அவருக்கு எத்தனை இருக்குமோ, தெரிஞ்சா டாக்டரு ஊசி போட்டுக் கொன்னுபோடுவாரு’ன்னு சொல்லி, அதுக்கப்புறமும் மாசாமாசம் உங்களுதைக் கீழே ஊத்திப்போட்டு, அக்கா அவங்களுதைத்தானுங்க அனுப்பினாங்க.”